ரோமாபுரிக்குப் படிக்கப் போன வழி

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில் கூனன் குருசுப் பள்ளி என்றொரு ஸ்தலம் உண்டு. 'பள்ளி' என்றதும் நமக்குப் பாடசாலையே நினைவுக்கு வரும். மலையாள நாட்டில் அச்சொல் தேவாலயத்தைக் குறிப்பது. கூனன் குருசு என்றால் கூனிய, அதாவது சாய்ந்த சிலுவை. அரண்மனையையும் யூதர் தெருவையும் காண மட்டாஞ்சேரிக்கு வருவோர் பலர். இந்தப் பள்ளிவரை நடந்து வருவோர் சிலரே. ஆயினும், கடல் கடந்து படிக்கப்போன ஒரு நெடும் பயணத்தின் காரணத்தை அறிய வேண்டுமானால், நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் இவ்விடத்தில் பெருந்திரளாகக் கூடினார்கள். போர்த்துக்கீசியப் பாதிரிமாரின் ஆளுகைக்கு இனிக் கட்டுப்படுவதில்லை என்று ஆணையிட்டார்கள். எல்லோரும் சிலுவையைத் தொட இடம் போதவில்லை. அதில் கயிறுகளைக் கட்டி, அக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆணையிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. இந்தக் கொந்தளிப்பின் பொறி நம் மயிலாப்பூரில் விழுந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். அஹத்தல்லா என்ற கீழ்நாட்டு மேற்றிராணியார் 1652இல் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். போர்த்துக்கீசியர் அவரைக் காவலில் வைத்து, கோவைக் குறித்துக் கப்பலேற்றினர். கப்பல் கொச்சிக்கு வந்தபோது, அவரைக் காணத் திரண்ட மக்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவரைக் கடலில் அமிழ்த்திவிட்டார்கள் என்ற வதந்தி பரவிற்று. அதன் பின்னரே அந்த ஆணை.

ஆணைக்குப் பின் ஒரே சமூகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதியார் ரோமாபுரியுடன் மீண்டும் இணங்கினர். மற்றொரு பகுதியார் தனித்து நின்றனர். அண்ணன் ஒரு பள்ளியிலும் தம்பி வேறொரு பள்ளியிலுமாக நூறாண்டுகள் சென்றன. ரோமாபுரியைச் சார்ந்தவர்களுக்கும் மனக்குறை தீரவில்லை. அவர்களுக்கு மேலாளராக வந்தவர் பெரும்பாலும் அயல்நாட்டார்; நம் நாட்டில் பிறந்தவருக்கு அந்தப் பதவி அரிதாகவே எட்டிற்று.

இந்நிலையில்தான் ஆலங்காடு என்னும் ஊரில் 1742இல் பிறந்த காரியாட்டில் யௌசேப்பு என்ற சிறுவன், 1755இல் ரோமாபுரிக்குப் படிக்க அனுப்பப்பட்டான். அப்பொழுது வயது பதின்மூன்று. அவன் சேர்ந்த இடம் 1627இல் எட்டாம் உர்பன் பாப்பரசர் நிறுவிய கல்லூரி. பல தேசத்துப் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் கற்பித்து, அவரவர் நாட்டுக்கே குருமாராகத் திருப்பி அனுப்புவது அதன் நோக்கம். இன்று பிள்ளை வெளிநாட்டில் ஓர் அரையாண்டு படிக்கப் போனாலே, போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை தாய்க்கு உறக்கமில்லை. காரியாட்டில் ஊர் திரும்பியது 1766இல். பதினோர் ஆண்டுகள்! எழுதிய கடிதம் வந்து சேருமா என்பதே நிச்சயமில்லாத காலத்தில், மீசை முளைக்காமல் போன பிள்ளை, பட்டம் பெற்ற குருவாக வாசலில் வந்து நின்றபோது வீட்டார் என்ன நினைத்திருப்பர் என்பதை ஊரைவிட்டு வந்து வாழும் நம்மால் ஓரளவு ஊகிக்க முடியும்.

ஊர் திரும்பியவர் ஆலங்காட்டுக் குருமடத்தில் மல்பான், அதாவது சுறியானி மொழி ஆசிரியர் ஆனார். ஐரோப்பியரின் மொழிகளை அறிந்து, அவர்களோடு அவர்கள் முறையிலேயே வாதாடக்கூடிய ஒருவர் அந்தச் சமூகத்துக்குக் கிடைத்தார். பிரிந்து நின்றவர்களின் தலைவரான ஆறாம் மார் தோமாவும் ரோமாபுரியுடன் இணங்க விரும்பி விண்ணப்பம் தந்தார். அதை நேரில் கொண்டு சேர்ப்பதென முடிவாயிற்று. காரியாட்டிலும் அவருடைய தோழர் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் 1778இல் புறப்பட்டனர். ரோமாபுரிக் கல்லூரியில் சேர்ப்பதற்காக இரு இளைஞரும் உடன் சென்றனர். தாம் பிள்ளையாகப் போன வழியில் வேறிரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார் மல்பான்.

போன வழியைத் தேசப்படத்தில் பார்த்தால் வியப்பாக இருக்கும். கேரளத்துக்கு மேற்கே கடல். அக்கடலின் மறுகரைக்கு அப்பால் ஐரோப்பா. அவர்களோ கிழக்கே திரும்பி, தமிழ்நாட்டின் வழியே சென்னப்பட்டணம் சென்று, அந்த ஆண்டு நவம்பர் மாதம் அங்கே கப்பலேறினர். கொச்சி அந்நாளில் டச்சுக்காரர் கையில் இருந்தது. பயணத்தை விரும்பாத பாதிரிமாரும் மேற்குக் கரையில் இருந்தனர். சுற்றிப் போவதே பத்திரம் என்று கருதியிருப்பார்கள்.

சென்னையில் அப்பொழுது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில், திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி இன்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டித்தான் கப்பலை அடைய வேண்டும். ஆணி அடித்த படகு கரையில் மோதினால் பிளந்துவிடும்; தைத்த படகோ வளைந்து கொடுக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலம் அந்தக் கரையில் புயலுக்குப் பேர்போனது. எனினும் அந்த வாடைக்காற்றே கப்பலைத் தென்மேற்காக ஆப்பிரிக்காவை நோக்கித் தள்ளுவது. பாய்மரக் கப்பல் காற்றுக்குக் காத்திருக்கும். காற்று பயணிக்குக் காத்திராது.

இலங்கையைத் தொட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய பின், அவர்கள் போய் நின்றது தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டின் பாகியாவில்! லிஸ்பனுக்குப் போகிறவர்கள் பிரேசிலுக்கு ஏன் போனார்கள்? வழி தவறி அன்று. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அட்லாண்டிக் கடலில் காற்று தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஓயாது வீசும். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே வடக்கே ஏறினால் எதிர்க்காற்றிலும் காற்றற்ற கடலிலும் சிக்கிக்கொள்ள நேரும். ஆகவே காற்றின் போக்கிலேயே பிரேசில் பக்கம் ஒதுங்கி, அங்கிருந்து வடக்கே ஏறுவது மாலுமிகள் கண்ட முறை. போர்த்துக்கீசியருக்குப் பிரேசில் சொந்த நாடு போலவே இருந்ததால், குடிநீரும் உணவும் அங்கே கிடைத்தன. அந்நாளைக் கப்பலில் பெரும்பாலும் காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே உணவு. காயும் கனியும் இன்றி வாரங்கள் கழிந்தால் ஈறு வீங்கி, பழைய புண்கள் திறந்துகொள்ளும் நோய் வரும். எலுமிச்சம் பழம் போதும் என்பதை ஜேம்ஸ் லிண்டு என்ற வைத்தியர் 1747இலேயே சோதித்துக் கண்டிருந்தார். பிரிட்டிஷ் கடற்படை அதைக் கட்டாயமாக்கியதோ 1795இல்தான். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடிக்கு இத்தனை மகிமை உண்டென்று பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த பாட்டிமார் அறிந்திருக்கவில்லை!

1779 ஜூலையில் லிஸ்பனையும், 1780 ஜனவரியில் ரோமாபுரியையும் அடைந்தனர். அங்கே வரவேற்பு உற்சாகமாக இல்லை. இவர்களுக்கு முன்பே இவர்களைப் பற்றிய புகார்கள் சென்றிருந்தன. மனம் தளராமல் லிஸ்பனுக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1783 பிப்ரவரியில் காரியாட்டில் கொடுங்கல்லூர் மேற்றிராணியாராக லிஸ்பனில் அபிஷேகம் பெற்றார். பிரிந்து நின்றவர்களை ஏற்றுக்கொள்ளும் அதிகாரமும் கிடைத்தது. போன காரியம் கைகூடிற்று.

1785இல் புறப்பட்ட கப்பல் 1786 மே மாதம் கோவாவை அடைந்தது. கொச்சிக்கு இன்னும் சில நாள் கடற்பயணமே பாக்கி. செப்டம்பர் மாதம், கோவாவிலேயே, காரியாட்டில் காலமானார். வயது நாற்பத்து நான்கு. அடுத்த ஆண்டு அங்கமாலியில் ஊர்ப் பிரதிநிதிகள் கூடி, தம் துயரையும் ஐயங்களையும் எழுதிக் கையொப்பமிட்டனர். தோமா கத்தனார் நிர்வாகப் பொறுப்பை ஏற்று, 1799இல் மறையும்வரை நடத்தினார். பயணம் முழுவதையும் அவர் மலையாளத்தில் எழுதி வைத்தார். அதுவே 'வர்த்தமானப் புத்தகம்'. இந்திய மொழிகளில் எழுந்த முதற் பயண நூல் என்று அதைப் பலரும் போற்றுவர். அச்சேறியது 1936இல்தான், ஓலையும் தாளும் அத்தனை காலம் பொறுமையாக இருந்தது நம் பாக்கியம்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கணக்கெல்லாம் மாறிப்போயிற்று. கணித மேதை இராமாநுஜன் 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் 'நெவாசா' கப்பலேறி, ஏப்ரல் 14ஆம் தேதி லண்டன் சேர்ந்தார், நான்கே வாரம். கொச்சி முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, 1928இல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. 1999 முதல் நெடும்பாசேரியில் விமான நிலையம் இருக்கிறது. கையொப்பமிட்ட அங்கமாலி அதற்கு அண்மையில். காரியாட்டிலின் ஆலங்காடும் தொலைவில் இல்லை. அயல்நாட்டுக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள் பெட்டியை எடை பார்த்து, பெற்றோரிடம் விடைபெற்று, அங்கிருந்தே ஏறுகிறார்கள்.

காரியாட்டிலின் எலும்புகள் கோவாவிலிருந்து ஆலங்காட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது 1961இல்.