எல்லோருக்கும் முதலிடம் தரும் அறிக்கை

போடிநாயக்கனூரில் ஏலம் என்றால் இரண்டு பொருள். மலையில் விளையும் காயும் ஏலம், அது விலைபோகும் முறையும் ஏலம். இரண்டாவது சொல் போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. இடுக்கி மலைத் தோட்டங்களில் உலர்த்திய காய் போடிமெட்டு வழியாக இறங்கி, ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் லாட் லாட்டாகத் திரையில் ஏறுகிறது. ஏலம் முடிந்ததும் விவரம் வெளியாகும்: நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை.

ஒரு மாத விவரத்தைச் சேர்த்து, யார் நடத்திய ஏலத்தில் நல்ல விலை கிடைத்தது என்று வரிசைப்படுத்த நினைக்கிறோம். பவர் பிஐ மென்பொருளில் இதற்கென்றே ரேங்க்எக்ஸ் என்ற சூத்திரம் உண்டு. எழுதி ஓட்டினால், புதிதாகக் கற்பவர் அநேகமாக எல்லாரும் காணும் காட்சி இது: பட்டியலில் உள்ள அத்தனை நிறுவனங்களுக்கும் 1.

மென்பொருள் பழுதாகவில்லை. அறிக்கையின் ஒவ்வொரு வரியும் ஒரு வடிகட்டி. அந்த வரியின் கணக்கு நடக்கும்போது அந்த ஒரு நிறுவனம் மட்டுமே சூத்திரத்தின் கண்ணில் படுகிறது. ஏலக்கூடத்தில் ஒரே வியாபாரியை உட்காரவைத்து, அதிக விலை கேட்டவர் யார் என்று விசாரிப்பதற்குச் சமம். ஆல் என்ற கட்டளை வடிகட்டியை நீக்கி, எல்லாரையும் கூடத்துக்குள் அழைத்துவருகிறது. ஆனால் படிப்பவர் மூன்று நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் 2, 5, 9 என்று வரும். அந்த மூன்றுக்குள் 1, 2, 3 வேண்டுமென்றால் ஆல்செலக்டட். இரண்டுமே சரியான விடைகள்தாம், கேள்விதான் வேறு. அதனால் நான் முதலில் செய்யச் சொல்வது, தரவரிசைக்குப் பக்கத்தில் ஒரு தற்காலிக நெடுவரிசை வைத்து, போட்டியில் எத்தனை பேர் என்று எண்ணவிடுவது. அங்கே 1 நின்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இதைவிட ஆபத்தானது, பார்வைக்குச் சரியாகத் தெரியும் தவறு. ஒரு நிறுவனம் 100 கிலோவை 2,000 ரூபாய்க்கும் 900 கிலோவை 1,500 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொள்வோம். இன்னொன்று 500 கிலோவை 1,700க்கும் 500 கிலோவை 1,600க்கும் விற்கிறது. விலைகளை மட்டும் கூட்டி வகுத்தால் முதல் நிறுவனம் 1,750, இரண்டாவது 1,650. எடையையும் சேர்த்து, மொத்தப் பணத்தை மொத்தக் கிலோவால் வகுத்தால் முதலாவது 1,550க்கு இறங்கிவிடுகிறது. இரண்டாவது 1,650லேயே நிற்கிறது. வரிசை தலைகீழ். காய் கொண்டுவந்தவர் கைக்கு வருவது இரண்டாவது கணக்கின் பணம்தான். உச்ச விலையை வைத்து வரிசைப்படுத்துவது இன்னும் மோசம். 2019 ஆகஸ்டில் வண்டன்மேடு அருகே புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது; அன்றைய சராசரியோ அதற்கு வெகு கீழே.

சில்லறைச் சிக்கல்களும் உண்டு. திரையில் இரண்டு விலைகள் ஒன்றாகத் தெரிந்தும் இடம் வேறாக வந்தால், காட்டப்படாத தசமங்கள் வேலை செய்கின்றன. முழுமையாக்கிவிட்டு வரிசைப்படுத்த வேண்டும். இருவர் 2ஆம் இடத்தில் சமமானால் அடுத்தவர் 4. 3 வேண்டுமென்றால் டென்ஸ் என்று குறிப்பிட வேண்டும்.

கடைசியாக வெற்றிடம். வாங்குபவருக்காகக் குறைந்த விலையிலிருந்து வரிசைப்படுத்தும்போது, அந்த மாதம் ஒரு கிலோகூட விற்காத நிறுவனம் முதலிடத்தில் வந்து நிற்கும், ஏனென்றால் ரேங்க்எக்ஸ் வெற்றிடத்தைச் சுழியமாக எடுத்துக்கொள்கிறது. அந்த வரியை மறைத்தால் போதும் என்று தோன்றும். மறைத்துப் பாருங்கள், பட்டியல் 2இல் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாமல் அந்த நிறுவனம் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. போட்டிப் பட்டியலிலிருந்தே அதை எடுத்தால்தான் 1 உரியவரிடம் போகும்.