காற்றைப் பார்த்த காலம், கணக்குப் பார்க்கும் காலம்

1929-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செர்ரி குரோவ் என்ற சிற்றூரில், பெர்னார்டு பீட்டன்போல் தாமே கட்டிய விமானத்தில் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டார். மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, வால் பக்கம் முட்டுக்கொடுத்து நிற்கும் உடல். 'ஏர் கேம்பர்' என்ற அந்த விமானத்தை வரைபடம் வாங்கி இன்றும் வீட்டுக் கொட்டகையில் கட்டுகிறார்கள்.

பக்கவாட்டில் குறுக்கே வீசும் காற்று, அதாவது பக்கக் காற்று, எவ்வளவு இருந்தால் இதை இறக்கலாம் என்று கணக்குப் போடவேண்டிய தேவை அன்று குறைவு. விமானத்தளம் என்பது பெரும்பாலும் ஒரு புல்வெளி. காற்றின் திசை காட்டும் துணிக்குழலான காற்றுப்பை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்து, காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி இறங்கினால் வேலை முடிந்தது.

தாரும் கான்கிரீட்டும் வந்தபின், குறிப்பாக இரண்டாம் உலகப்போரை ஒட்டி, இந்தச் சலுகை போயிற்று. ஓடுபாதை ஒரு திசையில் நிலைத்தது. காற்று அதற்குக் கட்டுப்படவில்லை. பழைய வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரை தொடும்போது சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்தக் கோணல் வளர்ந்து, விமானம் சுழன்று நிற்கும். விமானிகள் இதை 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். 1940-இல் வந்த எர்கூப் என்ற விமானம், மூக்குச் சக்கரத்தால் இதற்கு விடை கண்டது. பிரெட் வைக் வடிவமைத்த அந்த விமானத்தில் சுக்கான் மிதியே கிடையாது. கோணலாகவே இறங்கும், தரை தொட்டதும் தானே நேராகும். மிதியில்லா விமானம் பரவவில்லை. மூக்குச் சக்கரம் பரவியது.

சிறிய தொழிற்சாலை விமானத்துக்கு அமெரிக்க விதி 2017 வரை ஒரு கீழெல்லை வைத்திருந்தது: தரையிறங்கும் அமைப்பில் விமானம் தூக்குவிசை இழக்கும் வேகத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு பக்கக் காற்றிலாவது அது பத்திரமாக இறங்கிக் காட்டவேண்டியிருந்தது. அந்த வேகம் 50 நாட் என்றால் 10 நாட். கையேட்டில் அச்சாகும் எண் பெரும்பாலும் இப்படிச் செய்துகாட்டிய அளவே. அதற்குமேல் முடியாது என்று பொருளில்லை. வீட்டில் கட்டியவருக்கோ அந்தக் கையேட்டையும் தாமே எழுதவேண்டிய நிலை.

முன்பு அந்த எண்ணை அனுபவமும் கைப்பழக்கமும் தீர்மானித்தன. இன்று அமெரிக்காவில் புதிதாகக் கட்டிய விமானத்துக்கு வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு உண்டு. அதற்குள் இந்த எண்ணையும் தேடலாம். காற்று அமைதியான நாளில், பத்திரமான உயரத்தில், தரையிறங்கும் வேகத்தில் ஒரு பக்கச் சுக்கானை முழுதும் மிதித்து, எதிர்ப்பக்க இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை ஒரே திசையில் பிடிக்கவேண்டும். மூக்கு காட்டும் திசைக்கும் ஜிபிஎஸ் காட்டும் போக்குக்கும் இடையிலுள்ள கோணமே சுக்கானின் வல்லமை. 60 நாட் வேகத்தில் 10 பாகை கிடைத்தால் ஏறத்தாழ 10 நாட் பக்கக் காற்றைச் சமாளிக்கலாம். ஆனால் தரையில் ஓடும்போது வேகம் குறையும், சுக்கானின் பிடியும் குறையும். ஆகவே இந்தக் கணக்கில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு, மெல்லிய காற்றில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பதே முறை.

காற்றை அளப்பதும் மாறிவிட்டது. அமெரிக்கத் தளங்களில் காற்றுப்பை முழுதும் விறைத்து நின்றால் 15 நாட் என்று கொள்ளலாம். இன்று தானியங்கி வானிலைக் கருவி எண்ணையே வானொலியில் சொல்கிறது. காற்று பாதைக்கு 30 பாகையில் வீசினால் அதன் வேகத்தில் பாதியும், 45 பாகையில் பத்தில் ஏழும் பக்கக் காற்று. கணக்குக்குச் சராசரி வேகத்தை எடுக்கக்கூடாது, திடீர் வீச்சின் வேகத்தை எடுக்கவேண்டும்.

விமானத்தின் எல்லை இப்படித் தெரிந்துவிடும். ஓட்டுபவரின் எல்லையை எந்தக் கருவியும் காட்டாது. பல மாதம் பறக்காதவருக்கு அது தானாகவே சுருங்கும். இரண்டில் எது சிறியதோ அதுவே அன்றைய வரம்பு. காற்று அதைத் தாண்டினால் வேறு பாதையுள்ள தளத்துக்குத் திருப்புங்கள்.