ஹூஸ்டன் போட்ட பாதை

1930களில் தென் கரோலினாவின் கிராமங்களில் ஒரு கறுப்பின வழக்கறிஞர் சினிமா கேமராவோடு அலைந்தார். வெள்ளையர் பிள்ளைகளின் செங்கல் கட்டடப் பள்ளியையும், கறுப்பினப் பிள்ளைகளின் பலகைக் கொட்டகையையும் படமெடுத்தார். பிரித்து வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-ல் சொல்லியிருந்தது. அந்தச் சமத்தின் லட்சணத்தைப் படச்சுருளில் பிடித்தவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்.

முதல் உலகப்போரில் ராணுவ அதிகாரியாகப் பிரான்ஸ் போனவர். சொந்த நாட்டு வெள்ளை வீரர்களிடம் பட்ட அவமானம்தான் அவரைச் சட்டம் படிக்க வைத்தது. ஹார்வர்டில் படித்துவிட்டு, வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மாலைநேரச் சட்டக் கல்லூரியை முழுநேரக் கல்லூரியாக்கினார். மாணவர்களைக் கசக்கிப் பிழிந்தார். அவர்களில் ஒருவர் துர்குட் மார்ஷல்.

ஹூஸ்டனின் கூர்மை, இந்தப் பிரிவினையை எங்கே முதலில் அடிப்பது என்று தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் பள்ளியில் கை வைத்தால் வெள்ளையர் கொதித்தெழுவார்கள். சட்டக் கல்லூரி என்றால், அதன் தரம் என்ன என்பது நீதிபதிகளுக்கே அத்துப்படி. ஒற்றைக் கறுப்பின மாணவருக்காகத் தனிச் சட்டக் கல்லூரி கட்ட எந்த மாநிலத்துக்கு மனசு வரும்? "சமம் என்றால் செலவழித்துக் காட்டு" என்பதுபோல எதிராளியின் வாதத்தை வைத்தே மடக்கினார்.

லாயிட் கெய்ன்ஸ் என்ற இளைஞருக்கு மிசௌரி பல்கலைக்கழகம் சட்டம் படிக்க இடம் மறுத்தது. வெளிமாநிலத்தில் படிக்கட்டும், கட்டணம் தருகிறோம் என்றது மாநிலம். ஹூஸ்டன் வாதாடிய அந்த வழக்கில், அது செல்லாது, உள்ளூரிலேயே சம வாய்ப்பு தர வேண்டும் என்று 1938-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கெய்ன்ஸ் அந்த வகுப்பறைக்குள் நுழையவே இல்லை. 1939-ல் சிகாகோவில் காணாமல் போனவர் கடைசிவரை கிடைக்கவில்லை. ஹூஸ்டனின் வெற்றிகளைப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இளைஞனின் நினைவுதான் வருகிறது.

பின்னாளில் வாஷிங்டன் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காக வழக்காட ஹூஸ்டனை நாடினார்கள். அப்போது அவருடைய இதயம் பலவீனப்பட்டிருந்தது. படுக்கையிலிருந்தபடியே, சக வழக்கறிஞர் ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் போகச் சொன்னார். 1950 ஏப்ரலில், 54 வயதில் இறந்தார். நாப்ரிட் நடத்திய அந்த வழக்கிலும், பள்ளிப் பிரிவினையை எதிர்த்து மார்ஷல் முன்னின்று வாதாடிய பிரவுன் வழக்கிலும் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது: 1954 மே 17. அரசுப் பள்ளிகளில் நிறப் பாகுபாடு அன்று சட்டவிரோதமானது.