பத்து மதிப்பெண் மலை: சரிவு, இடர், லயம் குறித்துச் சில குறிப்புகள்

நீலகிரியில் அவலாஞ்சி என்று ஓர் இடம் இருக்கிறது. பனி சரிந்தே அறியாத மலையில் பனிச்சரிவைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? 1820களில் அங்கே பெரிய மண்சரிவு ஒன்று நடந்திருக்கிறது. பார்த்த வெள்ளைக்காரன் தனக்குத் தெரிந்த சொல்லை அதன் மேல் எறிந்துவிட்டுப் போனான். நம்ம ஆட்கள் அதை ஊர்ப்பெயராக்கிக்கொண்டார்கள். இதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பெய்தது. மறுநாள் 91 செ.மீ. மாவட்டம் முழுவதும் சேர்த்துச் சாவு எண்ணிக்கை பத்தைத் தொடவில்லை. பத்து வருடம் முன்னால், 2009 நவம்பர் 10 அன்று, அதே மாவட்டத்துக் கேத்தியிலும் 82 செ.மீ. பதிவானது. அந்த நாட்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். மண்ணின் ஆழமும் சரிவின் கோணமும் இரண்டு இடங்களிலும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் முக்கியமான வேறுபாடு வேறு. அவலாஞ்சி பெரும்பாலும் காடும் அணையும். மற்ற இடத்தில் சாலையை வெட்டி, சரிவுக்கு அடியில் வீடு கட்டி, மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

‘இடர் மதிப்பீடு’ என்று நிபுணர்கள் சொல்வதன் பாலபாடம் இதுதான். மலை சரியும் வாய்ப்பு ஒன்று; சரிந்தால் அதன் பாதையில் யார், எது இருக்கிறது என்பது இரண்டு; இருப்பவர்கள் அதைத் தாங்குவார்களா, தப்புவார்களா என்பது மூன்று. மூன்றையும் பெருக்கினால் வருவது இடர். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். மலையை மட்டும் அளந்துவிட்டு ‘இடர் வரைபடம்’ என்று பெயர் வைப்பவர்கள் முதல் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் பெருக்கலை முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரெட்டியார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். எங்க ஊரில் மேடு என்று சொல்லவே ஆட்டோக்காரர் சிரிப்பார். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. இங்கே அது தெருவில் தேங்கிய தண்ணீர். அதே புயலின் மழை மேற்கே நூறு கிலோமீட்டர் போய் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையின் சரிவை இளக்கியது. வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் பாறையும் சேறும் இறங்கின. ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள். லட்சக்கணக்கானோர் சுற்றிவரும் அந்த மலையை ‘சரியக்கூடிய பொருள்’ என்று அதற்கு முன் யார் நினைத்தார்கள்? பிறகு நம் காதில் அதிகம் விழுந்த சொல் ‘ஆக்கிரமிப்பு’. மலையடிவாரத்தில் பட்டா இல்லாமல் ஏன் இருந்தார்கள் என்ற கேள்வி, செத்தவர்களை நோக்கியே திரும்பிவிடுகிறது.

இனி அந்த வரைபடம் எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1998இல் நிலச்சரிவு அபாய வரைபடத்துக்கான ஒரு வழிமுறையை வெளியிட்டது. மலையைச் சரிவு சரிவாகக் கூறுபோட்டு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். பாறையின் வகைக்கு 2. பாறையின் பிளவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு 2. சரிவின் செங்குத்துக்கு 2. உயர வேறுபாட்டுக்கு 1. நிலப் பயன்பாட்டுக்கு 2. நீர்க்கசிவுக்கு 1. ஏழரைக்கு மேல் வாங்கினால் மிக அதிக அபாயம்; மூன்றரைக்குக் கீழ் என்றால் மிகக் குறைவு. பள்ளிக்கூடத்தில் நேர்மாறு, அதிகம் வாங்கினால் நல்லது.

சும்மா சொல்லக்கூடாது, இது நேர்மையான கருவி. எந்தச் சரிவை முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். ஆனால் இந்தப் பத்தில் மனிதருக்கு எத்தனை? ‘நிலப் பயன்பாடு’ என்ற இரண்டு மதிப்பெண்ணுக்குள் மட்டும், பயிர் வைத்தவராகவோ மரம் வெட்டியவராகவோ அவர் எட்டிப் பார்க்கிறார். மண் தன் மேல் விழப்போகிறவராக அவர் எங்கும் இல்லை. (தேயிலையை இந்தப் பட்டியலில் காடாக எண்ணுவதா, பயிராக எண்ணுவதா என்பதே தனிக் கட்டுரைக்கு விஷயம்.) இந்தியப் புவியியல் ஆய்வகம் 2014இல் தொடங்கிய தேசிய வரைபடப் பணியின் அளவு ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர். நாற்பது மீட்டர் நீளமுள்ள ஒரு லயம் அதில் பென்சில் முனையளவுகூட வராது.

பனிச்சரிவு நாடுகள் இந்த இரண்டாவது, மூன்றாவது எண்ணோடு நீண்ட காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் கணக்கு அழுத்தத்தில் போகிறது. முன்னூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய சரிவு சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று டன்னுக்கு மேல் மோதும் என்றால் அது சிவப்பு மண்டலம், புதுவீடு கூடாது. அதற்குக் கீழே நீலம், சுவரைப் பலப்படுத்திக் கட்டலாம். நம்மை ஒருகாலத்தில் ஆண்ட பிரான்சிலும் இப்படி வரைபடங்கள் உண்டு. 1999 பிப்ரவரி 9 அன்று சாமோனி பள்ளத்தாக்கின் மோன்ரோக் கிராமத்தில் பனி இறங்கி 12 பேர் செத்தார்கள். வரைபடத்தில் ஆபத்தில்லை என்று காட்டப்பட்ட இடத்து வீடுகளும் அதில் நொறுங்கின. 2003இல் நீதிமன்றம் சாமோனி மேயரைக் குற்றவாளி என்றது. மூன்று மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. தண்டனை சிறியதுதான். ஆனாலும் அபாயம் தெரிந்தும் ஆட்களை வெளியேற்றாத அதிகாரம் கூண்டில் நின்றது. இங்கே எந்த மலைச்சரிவுக்காக எந்த ஆட்சியர், எந்தத் தோட்ட மேலாளர் இப்படி நின்றார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி போனது. 1995 ஜனவரியில் சூதாவிக்கில் 14 பேர், அக்டோபரில் ஃப்ளாட்டேரியில் 20 பேர் பனியில் போன பிறகு, இடரை நேரடியாகச் சாவின் எண்ணாகவே எழுதியது. ஒரு வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவர் பனிச்சரிவால் சாகும் வாய்ப்பு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 0.3க்குள் இருந்தால் ‘ஏற்கத்தக்கது’. மேலே போனால் படிப்படியாகக் கட்டுப்பாடு. காப்பீடு செய்த கட்டடங்கள் மீதான வரியிலிருந்து ஒரு நிதி சேர்த்து, தடுப்பணை கட்டுகிறார்கள், வீடுகளை வாங்கிக்கொள்கிறார்கள். சூதாவிக்கின் குடியிருப்பையே வேறிடத்துக்கு மாற்றினார்கள்.

‘ஏற்கத்தக்கது’ என்ற சொல்லைத்தான் நாம் பிடித்து நிறுத்த வேண்டும். யார் ஏற்கிறார், யாருக்காக? உல்ரிச் பெக் 1986இல் எழுதிய ‘இடர் சமூகம்’ நூலில், நவீன இடர்கள் வர்க்க எல்லைகளைத் தாண்டி எல்லோரையும் தொடுகின்றன என்று வாதிட்டார். அணுக்கதிரைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கலாம். மூணாறில் அந்த வாதம் செல்லுபடியாகாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மேலே காட்டுக்குள் அறுந்த மலை, ஓடை வழியே இறங்கி லயங்களை அடித்துக்கொண்டு போனது. எழுபது பேர். மின்சாரமில்லை, தொலைபேசி இல்லை. மறுநாள் காலைதான் வெளியே தெரிந்தது. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தலித் குடும்பத்தவர். லயத்தைக் கட்டிய இடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பங்களாவுக்குக் காற்றோட்டமான மேடு, கூலிக்குத் தண்ணீர் ஓடும் பள்ளம் என்பது தோட்ட நிலவியலின் பழைய இலக்கணம். வேலையை விட்டால் வீடும் போய்விடும். ஆக அந்த ‘இரண்டாவது எண்’ இயற்கையாக வந்ததல்ல, நிர்வாகத்தால் வைக்கப்பட்டது. மூன்றாவது எண்ணுக்கும் சாட்சி உண்டு: மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது, கேரள அரசு விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது, லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம்.

எச்சரிக்கை வந்தால் போதும் என்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2014 அக்டோபர் 29 காலை லயன்கள் புதைந்தன. புதைந்தவர் எத்தனை பேர் என்பது முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டு, பின் நாற்பதுக்குக் கீழே இறங்கியது. போங்கள் என்றார்களே தவிர, எங்கே, யார் நிலத்தில், மறுநாள் பேருக்கு யார் உத்தரவாதம் என்று யாரும் சொல்லவில்லை. ‘எச்சரித்தோம், போகவில்லை’ என்ற வாக்கியம் பிறகு அதிகாரத்துக்கு வசதியான கேடயமாகிவிடுகிறது.

வயநாட்டில் ஹ்யூம் மையம் என்ற சிறு ஆய்வு நிறுவனம் ஊரெல்லாம் மழைமானி வைத்து ஆட்களைக்கொண்டே அளக்கிறது. 2024 ஜூலை 30 விடியுமுன் முண்டக்கை, சூரல்மலையில் மலை இறங்கி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முந்தின நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாக அந்த மையம் சொன்னது. இரண்டு நாளில் 57 செ.மீ. மழை அளக்கப்பட்டிருந்தது. மழைமானி விலையுயர்ந்த பொருள் அல்ல. வால்பாறையிலோ கோத்தகிரியிலோ தொழிற்சங்கமே வைத்துக்கொள்ள முடியும். கூடவே எழுத வேண்டியவை: வீட்டுத் தரையில் புது வெடிப்பு, திடீரென்று மூட மறுக்கும் கதவு, சாயும் மின்கம்பம், இல்லாத இடத்தில் ஊறும் ஊற்று, மழை கொட்டும்போதே ஓடையில் தண்ணீர் குறைவது (மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள், உடனே ஓட வேண்டும்). இவற்றையெல்லாம் முதலில் பார்ப்பவர் கொழுந்து பறிக்கப் போகும் பெண். அவர் ‘இன்னிக்கு மேல போக வேண்டாம்’ என்று சொன்னால் அன்றைய கூலி வெட்டப்படக்கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி எழுத வைப்பதற்கு, பத்து மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. அதைத் தோட்டத் தொழிலாளர் கூலி ஒப்பந்தத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும்.