கணினியை அன்பளிப்புச் செய்தால் மட்டும் போதுமா?

நமது ஊர்ப் பாடசாலைகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வெளிநாட்டில் தொழில் புரியும் சகோதரர் ஒருவரோ பழைய மாணவர் சங்கமோ கணினி ஒன்றை அன்பளிப்புச் செய்கிறது. அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரும் கூடி நின்று படம் எடுக்கிறார்கள். படம் அன்றிரவே முகநூலில் வருகிறது. இரண்டு வருடங்கள் கழித்து அதே பாடசாலைக்குப் போனால், அந்தக் கணினி ஒரு மூலையில் துணியால் மூடப்பட்டுக் கிடக்கிறது. "வைரஸ் புடிச்சிட்டு சேர்" என்பார்கள். அத்தோடு கதை முடிந்துவிடும்.

அண்மையில் எமது ஊர்ப் பாடசாலையொன்றுக்குக் கட்டாரில் இருக்கும் சகோதரர் ஒருவர் தனது பழைய மேசைக் கணினியைக் கொடுத்தார். அதைத் தயார்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு, கொடுப்பவரும் பெறுபவரும் கவனிக்க வேண்டிய சில விடயங்களை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அமானிதம்

நன்கொடையாக வரும் கணினியில் கொடுத்தவரின் குடும்பப் படங்கள், கடவுச்சீட்டின் பிரதி, வங்கிக் கடிதங்கள் எல்லாம் இருக்கலாம். சாதாரணமாக 'டிலீட்' செய்தால் அவை அழிவதில்லை. இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு அவற்றை மீட்டெடுக்க முடியும். எனவே கொடுப்பவர் தமக்குத் தேவையானவற்றைப் பிரதி எடுத்துக்கொண்ட பின்னர், வன்தட்டு முழுவதையும் பூச்சியங்களால் மேலெழுதி அழிக்க வேண்டும். இதற்குச் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். ஆனாலும் பிறருடைய அந்தரங்கம் மாணவர் கையில் போய்ச் சேராமல் காப்பது நமது கடமை.

அடுத்தது கணினியின் உடல்நிலை. மூடியைத் திறந்து தூசியை அகற்றினேன். திகதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் போனதால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறிய மின்கலத்தை மாற்றினேன். 4 ஜிபி ரேம் இருந்தது. இன்னுமொரு 4 ஜிபி சேர்த்து, பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுப்பது பெரும்பாலும் இந்த எஸ்.எஸ்.டி. தான். கழற்றிய வன்தட்டையும் அழித்த பின்னரே ஒதுக்கி வைத்தோம்.

ஏன் விண்டோஸ் போடவில்லை?

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இற்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. பொதுவாக 2018 இற்கு முந்திய கணினிகளை அது முறைப்படி ஏற்பதில்லை. நன்கொடையாக வருபவற்றில் அநேகமானவை இந்த ரகம்தான்.

"கடையில கொடுத்தா உடைச்ச விண்டோஸ் போட்டுத் தருவாங்களே" என்று ஒருவர் சொன்னார். பாடசாலையில் மூலையில் கிடந்த முந்தைய கணினிகளுக்கு நடந்ததும் அதுதான். பூட்டை உடைப்பதற்காகப் போடப்படும் சின்னக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருட்களையும் பாதுகாக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹலால் ஹராம் கற்றுக்கொடுக்கும் பாடசாலையில், பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுத்துப் பிள்ளைகள் முன் வைப்பது எப்படிச் சரியாகும்?

இதற்கு மாற்றுத்தான் திறந்த மூல மென்பொருள். இதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிரதி எடுத்துப் பிறருக்கும் கொடுக்கலாம். ஓசியில் கிடைப்பது தரமாக இருக்குமா என்று சந்தேகப்படுவோர், தமது சட்டைப் பையில் உள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசியை எடுத்துப் பார்க்கட்டும். அதன் அடித்தளம் 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ்தான். நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 சுனாமி நமது கிழக்குக் கரையோர ஊர்களையும் அள்ளிச் சென்றபோது, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் ஆகியவற்றின் விபரங்களைக் கையாள இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக உருவாக்கிய 'சஹானா' ஒரு திறந்த மூல மென்பொருள். பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது.

நிறுவிய விதம்

நான் தெரிவுசெய்தது லினக்ஸ் மின்ட் பணிசெயல் முறைமையின் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு. 2 ஜிபி ரேமிலும் இது ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. தோற்றம் விண்டோஸுக்கு நெருக்கமாக இருப்பதால் ஆசிரியர்கள் மிரள மாட்டார்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் இதை எழுதிக்கொண்டு, கணினியை அதிலிருந்தே தொடக்கலாம். எதையும் நிறுவாமலே திரை, ஒலி, வலையமைப்பு, அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பரீட்சித்துப் பார்க்கலாம். வன்தட்டை அழிப்பதற்கும் அதன் ஆரோக்கியத்தைப் பார்ப்பதற்கும் உரிய 'டிஸ்க்ஸ்' என்ற கருவியும் அதிலேயே இருக்கிறது. எல்லாம் சரி என்று கண்ட பின்னரே நிறுவினேன். ஒரு சனிக்கிழமை ளுஹருக்குப் பின் ஆரம்பித்த வேலை மஃரிபுக்கு முன் முடிந்தது.

பின்னர் பாடத்திட்டத்தைப் பார்த்து மென்பொருட்களைச் சேர்த்தேன். சொல்முறைவழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை, தரவுத்தளம் நான்குக்கும் லிப்ரே ஒபிஸ் போதும். சாதாரண தர மாணவர்களின் செய்நிரலாக்கத்துக்கு ப்ரீ பஸ்கால், உயர்தர மாணவர்களுக்கு பைதன். ஆரம்பப் பிரிவுக்கு ஜிகொம்பிரிஸ், விஞ்ஞான பாடத்துக்கு வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம். இணைய இணைப்பு இல்லாத குறையை கிவிக்ஸ் ஓரளவு தீர்த்தது. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக வீட்டில் பதிவிறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றினேன். இப்போது பிள்ளைகள் டேட்டா இன்றியே தேடி வாசிக்கிறார்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையே சேர்க்கலாம். ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துருவை நிறுவாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். அவற்றைத் திறக்க வழி செய்துவிட்டு, புதியவற்றை யுனிகோட்டில் தட்டச்சு செய்யப் பழக்கினோம்.

மறைக்கக் கூடாத சிரமங்களும் உண்டு. அலுவலகங்களிலிருந்து வரும் சில எக்செல் படிவங்கள், குறிப்பாக மக்ரோ உள்ளவை, லிப்ரே ஒபிஸில் சரியாக இயங்காமல் போகலாம். விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட மென்பொருட்களும் ஓடாது. எனவே நிர்வாக வேலைக்கான கணினியை அப்படியே விட்டுவிட்டு, மாணவர் கணினியில் மட்டும் இதைச் செய்வதே புத்தி.

நிறுவிய பின்புதான் வேலை

கணினி சாவது பெரும்பாலும் பராமரிப்பு இல்லாததாலேயே. ஆகவே நான்கு ஏற்பாடுகளைச் செய்தோம். ஒன்று, நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் பொறுப்பாசிரியரிடமும் அதிபரின் மூடிய உறையிலும் மட்டும். மாணவர்கள் விருந்தினர் கணக்கில் நுழைவார்கள். வெளியேறியதும் அவர்கள் செய்த மாற்றங்கள் அழிந்துவிடும். மாணவர்கள் தமது வேலையைப் பென்டிரைவில் சேமித்துக்கொள்ள வேண்டும். இரண்டு, டைம்ஷிப்ட் மூலம் முறைமையின் ஒரு நிலையைச் சேமித்து வைத்தோம். ஏதும் குழம்பினால் அந்த நிலைக்குத் திரும்பலாம். மூன்று, மாதம் ஒருமுறை தொலைபேசியின் இணைப்பைக் கொடுத்து இற்றைப்படுத்த வேண்டும். நான்கு, கணினியைப் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் பதிந்து, எப்படி நிறுவுவது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, நிறுவல் பென்டிரைவுடன் அலுமாரியில் வைத்தோம். நான் இல்லாவிட்டாலும், அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றாலும், வேறொருவர் தொடர வேண்டும் அல்லவா?

முதல் நாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், இத எங்கட வீட்டுக் கம்பியூட்டருக்கும் போடலாமா? காசு கட்டணுமா?" தாராளமாகப் போடலாம், காசில்லை, தெரிந்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்றேன். அடுத்த வாரம் வீட்டில் பழுதாகிக் கிடந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் நிறுவியதும் அவளே. நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

நாம் ஸதகா ஜாரியா என்கிறோம். கிணறு தோண்டினால் அதில் நீர் ஊறுகிறதா, வாளியும் கயிறும் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். கணினிக்கும் அதே கவனம் வேண்டும். அடுத்த முறை கணினி கொடுக்க நினைக்கும் சகோதரர்களே, அத்துடன் ஒரு எஸ்.எஸ்.டி.க்கான பணத்தையும், நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒரு வாலிபரின் சில மணித்தியாலங்களையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய மாணவர் சங்கங்களே, ஒரு வருடம் கழித்து அந்தக் கணினி ஓடுகிறதா என்று பார்த்து, அன்று இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.

அல்லாஹ் நமது நற்பணிகளை ஏற்று, நமது பிள்ளைகளுக்குப் பயன்தரும் அறிவை வழங்குவானாக.