மலை தாண்டி விழும் தண்ணீர்

போன வாரம் லோஹ்கட் கோட்டையின் தேள்வால் கொத்தளத்தில் கட்டுரையை நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் கீழே இறங்கி கார்லா குகைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன், போகவில்லை. சனிக்கிழமை காலை கோலாடில் கண்ட காட்சி வேறு எதையும் எழுதவிடவில்லை.

கோலாட், கொங்கணத்தில் குண்டலிகா ஆற்றங்கரையில் இருக்கிறது. புனேயின் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளிலிருந்து பையன்கள் வேன் வைத்துப் போய் ரப்பர் படகு விடும் இடம். நாங்கள் போனபோது ஆற்றில் பாறைகள் எலும்பு எலும்பாகத் தெரிந்தன. படகோட்டி ஒருவர் தண்ணீர் விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். கல்லின் அடி நனைந்தது, பிறகு பாதி, பிறகு கல்லையே காணோம். “பாணி ஆல!” என்று அவர் எழுந்தார். தண்ணி வந்தாச்சு. வெயில் கொளுத்துகிறது, மேலே எங்கும் மழை இல்லை. ஆறு மட்டும் பெருகுகிறது.

எங்கிருந்து வந்தது? மேலே பீரா மின்நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிவிட்டு வந்த தண்ணீர் அது. பீராவுக்கு வந்தது முல்ஷி ஏரியிலிருந்து. ஹிஞ்சேவாடி எந்தத் தாலுகா என்று இங்கே பத்து வருடம் குடியிருப்பவரைக் கேட்டாலும் யோசிப்பார். முல்ஷி தாலுகா. ஏரி நம் தாலுகாவின் ஏரி. ஏரிக்கு வரும் ஆறு, வாகட் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது நாம் பார்க்கிறோமே, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் அதே முளா ஆறு.

இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். முல்ஷியில் விழும் ஒரு துளி மழை, அதன் போக்கில் விட்டால், முளாவாகக் கிழக்கே ஓடி, புனே சங்கமத்தில் முட்டாவோடு சேர்ந்து, பீமாவில் கலந்து, பண்டரிபுரத்தில் சந்திரபாகா என்ற பெயரில் விட்டலன் கோயில் படியைத் தொட்டு, கிருஷ்ணையோடு ஆந்திரம் போய் வங்கக் கடலில் சேர வேண்டியது. அணை கட்டியபின் அந்தத் துளியில் பெரும்பங்கு மேற்கே திரும்பி, சுமார் 500 மீட்டர் மலையிலிருந்து குழாயில் விழுந்து, மும்பைக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, குண்டலிகாவில் ஓடி, ரேவ்தண்டாவில் அரபிக்கடலுக்குப் போகிறது. ஒரு மழைத்துளிக்குக் கடலே மாறிவிட்டது.

தேனி, மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றைப் பென்னிகுயிக் மறித்து, மலையைக் குடைந்து, 1895இல் வைகைப் பக்கம் திருப்பியதைத் தலைகீழாக்கினால் முல்ஷி. அங்கே மேற்கின் நீர் கிழக்கே வந்தது, வயலுக்கு. இங்கே கிழக்கின் நீர் மேற்கே போனது, மில்லுக்கு. தேனிப் பக்கம் இன்றும் பென்னிகுயிக் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். முல்ஷியில் யாரும் யாருக்கும் பொங்கல் வைக்கவில்லை, சத்தியாகிரகம்தான் செய்தார்கள்.

1921 ஏப்ரல் 16, ராமநவமி. மும்பையின் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் தர டாடா நிறுவனம் தொடங்கிய அணை வேலைக்கு எதிரே மாவளத்து விவசாயிகள் போய் உட்கார்ந்தார்கள். சிவாஜியின் படையில் மலையேறிய மாவளேக்களின் வழிவந்தவர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைப் பாதிக்கும் திட்டம் அது. உயிர் அல்லது நிலம் என்பது முழக்கம். அணையை எதிர்த்து விவசாயிகள் திரண்ட உலகின் முதல் போராட்டங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைச் சொல்கிறார்கள். வழிநடத்தியவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். 1880இல் பார்னேரில் பிறந்தவர்; பிரிட்டனுக்குப் படிக்கப் போய் லண்டன் இந்தியா ஹவுஸ் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, வெடிகுண்டு செய்யும் வித்தையோடு ஊர் திரும்பியவர். நம் வ.வே.சு. ஐயரும் அதே வட்டம்தான். அந்த பாபட், முல்ஷியில் விவசாயிகளோடு மண்ணில் உட்கார்ந்தார். மக்கள் அவரை ‘சேனாபதி’ என்று அழைத்தது இங்கேதான்.

மூன்று வருடம் நீடித்தது. நிலத்துக்கு உரிமையுள்ள புனே நகரத்து வட்டிக்காரர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொள்ள, உழுதவர்கள் தனியாக நின்றார்கள். என்னைக் கேட்டால் போராட்டம் தோற்ற இடம் அதுதான். பாபட் கடைசியில் அணை வேலைக்கான ரயிலை மறித்து, நீண்ட சிறைவாசம் போனார். 1927இல் பீராவில் மின்சாரம் பிறந்தது. புனேயில் சதுஷ்ருங்கி கோயிலுக்கும் மால்களுக்கும் போகும் சேனாபதி பாபட் ரோடு இவர் பெயரில்தான். ‘எஸ்.பி. ரோடு’ என்று சுருக்கியதில் ஆள் காணாமல் போய்விட்டார். தயவுசெய்து முழுப்பெயரைச் சொல்லுங்கள்.

1990களின் பிற்பகுதியில் இதே தாலுகாவின் வயல்கள் மறுபடி கைமாறின, இந்தமுறை ஐ.டி. பூங்காவுக்கு. அந்த வயலின் மேல் எழுந்த குடியிருப்பு ஒன்றில் இருந்துதான் எழுதுகிறேன். மழைக்குப் பேர்போன பள்ளத்தாக்கு. எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் டேங்கரில் வருகிறது.

கோலாடிலிருந்து தாம்ஹிணி கணவாய் ஏறித் திரும்பும்போது ஏரியோரம் ஒரு பாட்டி சின்ன மூட்டையில் அரிசி வைத்திருந்தார். “ஆஜி, என்ன அரிசி?” “ஆம்பேமோஹர், பாளா.” மாம்பூ வாசனை என்று அர்த்தம், முல்ஷிப் பள்ளத்தாக்கின் பழைய ரகம். பாட்டி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து மூக்கருகே நீட்டினார். மாமனாரின் தாத்தா வயல் எங்கே என்று அவராகவே காட்டினார்: ஏரி நடுவே, கொக்கு உட்கார்ந்திருந்த ஒரு மேட்டுக்குச் சற்று இந்தப்பக்கம். அளந்து சொல்வதுபோல இரண்டு முறை காட்டினார். ஒரு கிலோ வாங்கினேன். குட்டையான அரிசி, சீக்கிரம் குழைகிறது. தயிர்சாதத்துக்கு நன்றாக இருக்கிறது.

கார்லாவில் 2,000 வருடத்துக்கு முந்தைய தேக்கு விட்டங்கள் இன்னும் கூரையில் அப்படியே இருக்கின்றன. அடுத்த வாரம் கட்டாயம் அங்கே.