கூம்புக் கித்தாருக்குத் தந்தி மாற்றுதல்

தந்தி மாற்றுவதும் ஒரு வித்தையா என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கக்கூடும். சாதாரணக் கித்தாரைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமானதே. ஆனால், உலோகக் கூம்பு பொருத்திய கித்தாரில் அவசரமாகத் தந்தி மாற்றினால் வாத்தியத்தின் குரலே கெட்டுவிடக்கூடும். அதன் காரணத்தை முதலில் காண்போம்.

மின்சாரக் கித்தார் தோன்றுவதற்கு முன், இசைக்குழுவில் ஊதுகருவிகளும் முரசுகளும் முழங்கும்போது கித்தாரின் ஒலி அமுங்கிப் போயிற்று. உரத்த கித்தார் வேண்டுமென ஜார்ஜ் பீச்சம் என்னும் கலைஞர் விரும்பினார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜான் டொப்பியெரா என்பவர் அதனை உருவாக்கினார். மூன்று கூம்புகள் கொண்ட அக்கித்தார் 1927-இல் நேஷனல் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒற்றைக் கூம்புக் கித்தார்கள் பின்னர்த் தோன்றின.

சாதாரணக் கித்தாரில் மேற்பலகை அதிர்ந்து ஒலி பிறக்கிறது. இதிலோ மெல்லிய அலுமினியக் கூம்பு அதிர்கிறது. வீணையைப் போலவே இதிலும் தந்திகளைத் தாங்குவது குதிரைதான். அக்குதிரை கூம்பின் உச்சியில் அமர்ந்திருக்கிறது. நேஷனல் வகையில் கூம்பு உடலோடு ஆணியால் இறுக்கப்படுவதில்லை. தன் பள்ளத்தில் வெறுமனே அமர்ந்திருக்கிறது. ஆறு தந்திகளின் இழுவிசையில் ஒரு பகுதி குதிரையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அவ்வழுத்தமே கூம்பை நிலைநிறுத்துகிறது.

ஆகவே ஆறு தந்திகளையும் ஒருங்கே கழற்றிவிட்டால் என்ன நேரும்? கூம்பு இடம் பெயரலாம். மூடுதகடு மறைப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. புதுத் தந்திகளை முறுக்கிய பின்னர், கரகரப்பு ஒன்று இசையோடு கலந்து வரும். நசுங்கிய கூம்போ பழைய குரலுக்கு மீள்வது அரிது.

நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. கித்தாரை மெத்தென்ற துணியின்மேல் மல்லாத்தி வைப்பேன். ஒரு தந்தியை மட்டும் முறுக்காணியைத் திருப்பித் தளர்த்துவேன். விறைப்பாக இருக்கும் தந்தியை ஒருபோதும் வெட்டலாகாது. அது துள்ளிக் கண்ணைத் தாக்கும். புதிய தந்தியின் குண்டு முனையை வால்பிடியில் மாட்டி, குதிரையைக் காக்கும் உலோகப் பாலத்தின் அடியாக நுழைத்து, குதிரையின் வெட்டில் படிய வைப்பேன். குண்டு முனை நழுவாதபடி ஒரு கையால் தந்தியைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொள்வேன். முறுக்காணித் தண்டில் இரண்டு மூன்று சுற்றுக்குப் போதிய தளர்ச்சி விட்டு, சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும்படி முறுக்குவேன். அது சுருதிக்கு வந்த பின்னரே அடுத்த தந்தியைத் தொடுவேன்.

சுத்தம் செய்யும் பொருட்டு எல்லாவற்றையும் கழற்ற நேர்ந்தால், வால்பிடியின் அடியில் துணி வையுங்கள். இல்லையேல் அது சாய்ந்து மேற்பரப்பைக் கீறும். கித்தாரைக் கவிழ்க்கவோ சாய்க்கவோ கூடாது.

டோப்ரோ வகையில் கூம்பு கிண்ணம்போல் மேல்நோக்கியிருக்கும். எட்டுக்கால் சட்டம் ஒன்று அதன் விளிம்பில் நின்று குதிரையைத் தாங்கும். அதன் நடுத்திருகை அறியாதவர் தொடாதிருப்பதே நன்று.

ஐந்து தந்திகள் காவல் நிற்க, ஒன்று மட்டும் மாறட்டும். நேரம் சற்றுக் கூடினாலும் வாத்தியத்தின் குரல் பிழைக்கும்.